டின் நம்பரும் கைக்கட்டும்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் காட்சி. இரண்டேகாலுக்கு நான் கீழே இறங்கிப் போய், "தம்பி, நாலாம் ரீலும் அஞ்சாம் ரீலும் மாறிக் கிடக்கு" என்றேன்.

கார்த்திக் எங்கள் தியேட்டரின் மேனேஜர். சென்னைக்காரர், என்னைவிட வயதில் இளையவர். ஆர்ச்வே ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள அந்தச் சின்னத் தியேட்டரில் நான் புரொஜெக்டர் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டி "ஓம்" என்றுவிட்டு மேலே ஏறிவிடுவேன்.

அன்று ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படம். துறைமுகத்து ரவுடிக் கும்பலைப் பற்றி எழுதப் புறப்படும் நிருபரின் கதை. ஆறு ரீல். திரைப்படக் காப்பகம் ஒன்று இரவல் தந்த பிரதி, முந்தைய தியேட்டரில் இருந்து காலையில்தான் வந்தது. ரீல்களை வைத்து அனுப்பிய டின்களின் மேல் நம்பர் இருந்தது. ரீலின் தொடக்கத்திலும் நம்பர் இருக்கவேண்டும். நாலு, ஐந்து இரண்டிலும் அது தேய்ந்துபோயிருந்தது.

வந்த பிரதியை பென்ச்சில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்காமல் நாங்கள் மெஷினில் ஏற்றமாட்டோம். ஒட்டு விட்டிருக்கிறதா, ஓரத்துத் துளை கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம், கதையைப் பார்ப்பதில்லை. அன்று கண்ணில் பட்டுவிட்டது. மூன்றாம் ரீலின் கடைசியில் நிருபர் மழையில் நடந்து போகிறார். நாலாம் டின்னில் இருந்த ரீலின் தொடக்கத்தில் அவர் கையில் பெரிய கட்டு. ஐந்தாம் டின்னில் இருந்ததிலோ, நனைந்த கோட்டோடு பத்திரிகை அலுவலகத்துக்குள் வருகிறார். அதன் முடிவில்தான் ரவுடிகள் அவர் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறார்கள்.

"டின்ல தெளிவா நம்பர் போட்டிருக்கே அண்ணா. உங்களுக்கு ஜப்பான் பாஷை புரியுமா?"

"பேச்சு விளங்காது. கைக்கட்டு விளங்குது."

"ஃப்ளாஷ்பேக்கா இருந்தா?"

"எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ரெண்டு தரம் பார்த்திட்டன். அஞ்சாம் டின்னில இருக்கிறது அந்தக் கதவில முடியுது. நாலாம் டின் அதே கதவில துவங்குது. கதவில ரத்தம் காயேல்லை, அவர் கையில புதுக் கட்டு."

கார்த்திக் காப்பகத்துக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

"ஹால் ஃபுல் அண்ணா. தப்பாச்சுன்னா இனிமே யாரும் நமக்கு ஃபிலிம் தரமாட்டாங்க. அப்புறம் டிஜிட்டல் மட்டும்தான், உங்களுக்கு வேலை இருக்காது. டின்ல இருக்கிறபடி ஓட்டிட்டா பழி நம்ம மேல வராது."

"இல்லைத் தம்பி, நான் மாத்தித்தான் ஓட்டப்போறன். பிழையெண்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ."

அவர் என்னையே பார்த்தார். "மூணு வருஷமா உங்ககிட்ட 'ஓம்' தவிர வேற வார்த்தை கேட்டதில்ல. இன்னைக்கா பேசணும்? சரி, ஓட்டுங்க."

மூன்றாம் ரீல் முடியும்போது திரையின் மூலையில் மெஷின் மாற்றச் சொல்லும் அடையாளப் புள்ளி வந்தது. ஐந்தாம் டின் ரீலை ஏற்றி வைத்திருந்த இரண்டாவது மெஷினுக்கு மாற்றினேன். மழையில் நடந்தவர் கோட்டில் நீர் சொட்ட உள்ளே வந்தார். ஒரு வசனம்கூட அறுபடவில்லை. அந்த ரீலின் முடிவில் கதவு மூடியபோது ஹால் முழுவதும் மூச்சை இழுத்தது எனக்கு மேலே கேட்டது.

படம் முடிந்ததும் கார்த்திக் படியேறி வந்தார். "கீழ வாங்கண்ணா, ஆடியன்ஸ்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லப்போறேன்."

"மெஷின் சூடாக் கிடக்கு, விட்டிட்டு வரேலாது" என்றேன். அது பொய்.

திங்கட்கிழமை காப்பகத்தில் இருந்து பதில் வந்தது. முந்தைய தியேட்டரில் ரீல்களை டின் மாற்றி வைத்துவிட்டார்களாம். பிரதியோடு ஊர் ஊராகப் போகும் தாளில், ரீல் வரிசையைச் சரிபார்த்தவர் என்று என் பெயரை எழுதச் சொன்னார்கள். நல்ல பேனாவாகத் தேடியெடுத்து எழுதினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டின்னை நம்பவேண்டாம். ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பார்த்ததை வாய் திறந்து சொல்லுங்கள். பார்ப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. சொல்வதற்குத்தான் இத்தனை வருஷம் எடுத்தது.