மச்சம் சமைக்காத வீட்டில் ஒரு பூனைக்குட்டி

வெந்நீரில் பால்மாவைக் கரைக்கும்போது எழும் அந்தத் தித்திப்பான வாசம், இன்றைக்கும் எனக்கு ஒரு பூனைக்குட்டியின் வயிற்றுப்போக்கைத்தான் நினைவுபடுத்துகிறது. வாசிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

சண்டை முடிந்து, முள்ளியவளையில் எங்கள் காணிக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த முதல் வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. விதைநெல் மூட்டைகளை எலிகள் அரித்துத் தள்ளியதால், அலுவலாக மல்லாவிக்குப் போயிருந்த அப்பா, அங்கே ஒரு கடைக்காரர் கொடுத்த சாம்பல் நிறக் குட்டியைப் பிளாஸ்டிக் "சொப்பின் பை"யில் போட்டு, அது மூச்சுவிட நாலைந்து ஓட்டை குத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

பூனைக்குப் பால் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விடயம். பாடப்புத்தகப் படத்திலும் பூனை பால்தான் குடித்தது. ஆகவே எனக்கென்று இருந்த பால்மாவில் பாதி அதற்குப் போனது. மற்ற வேளைகளில் பருப்புச் சோறு. மீன் என்ற பேச்சு எழவில்லை, எழவும் முடியாது. கடைசிச் சண்டை நேரம் சனநெரிசலில் எங்களைவிட்டுப் பிரிந்துபோன அண்ணா திரும்பி வரும்வரை, வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த "மச்சமும்" சமைப்பதில்லை என்று அம்மா சாமிக்கு நேத்தி வைத்திருந்தார். அப்பா வெளியில் எங்காவது மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்தால் கிணற்றடியில் நெடுநேரம் வாய் கொப்பளிப்பார். அம்மாவும் தெரியாதவர்போல இருந்துவிடுவார். பள்ளிக்கூடமும் வீடுமாக இருந்த எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

மூன்று கிழமை போயும் குட்டி வளரவில்லை. வயிறு ஊதி, கால்கள் ஈர்க்குபோலாகி, ஓயாமல் "வயித்தாலை" போய்க்கொண்டிருந்தது. எலிகள் அதன் கண்முன்னாலேயே உலாவின. ஒரு காலை அது எழும்பவில்லை. அதைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு பக்கத்து வளவுப் பரீதா மாமியிடம் ஓடினேன். பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, எங்களைப் போலவே காணி தேடித் திரும்பியிருந்த குடும்பம். மாமியின் கணவர் மீன் வியாபாரி என்பதால் அந்த வளவில் பூனைகளுக்குக் குறைவில்லை. மாமி குட்டியின் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். இது பால்குடி மறந்த குட்டி, மனுசர் குடிக்கிற பால்மா இதற்குச் செமிக்காது, வளர்கிற உடம்புக்கு மீனோ இறைச்சியோ வேண்டும் என்றார். இரண்டு சூடை மீனை இலையில் சுற்றிக்கொண்டு என்னோடு வந்தவர், எங்கள் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நேத்தி அவருக்கும் தெரியும். படலையடிக்கு வந்த அம்மாவிடம் அங்கே நின்றபடியே சொன்னார்:

"உப்புப் போடாமல் அவிச்சு, முள்ளெடுத்து, மசிச்சுக் குடுக்கோணும் தங்கச்சி. நானே என்ரை குசினியிலை அவிச்சுத் தாறன், நீங்கள் தொட வேண்டாம்."

அம்மா என் சட்டைக்குள் இருந்த குட்டியைப் பார்த்தார். குட்டி செத்துப்போகும் என்பது எனக்கு ஒரு பயம். மீன் உள்ளே வந்தால் அண்ணா வரமாட்டான் என்பது இன்னொரு பயம். கடைசியில் அம்மா படலையைத் திறந்து கையை நீட்டினார்.

"நேத்தி வைச்சது நான். இந்தச் சீவன் வைக்கேல்லை."

கொட்டிலுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய தகரப் பேணியில் அம்மாவே அவித்தார். மசித்ததை விரல் நுனியில் எடுத்து நீட்ட, குட்டி முதலில் நக்கியது, பிறகு விரலையும் சேர்த்துக் கடித்தது. ஒரு கிழமையில் ஓடித் திரிந்தது. மாதம் முடிவதற்குள் தன் முதல் எலியைப் பிடித்து, பெருமையோடு எங்கள் பாயில் கொண்டுவந்து வைத்தது.

அதன்பிறகு ஒருநாள் குட்டிக்கு முள்ளெடுத்துக்கொண்டிருந்த நான், கை சும்மா இராமல் விரலை நக்கிவிட்டேன். அம்மா கண்டுவிட்டார். அடி விழப்போகிறதென்று கண்ணை மூடினேன். விழவில்லை, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களால் சுற்றி அளந்து பார்த்தார். அன்று மத்தியானம் என் சோற்றில் தூள் போட்டுச் சமைத்த ஒரு துண்டு மீன் இருந்தது.

"தின். நீயும் வளர்ற பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

இப்போது நான் வவுனியாவில் வேலை பார்க்கிறேன். இங்கே கடைகளில் குட்டிப் பூனைக்கென்றே, எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்த பைகள் அடுக்கியிருக்கின்றன; நானும் வாங்குகிறேன். தகரக் கொட்டில்கள் போய்விட்டன, அந்தப் பூனையும் எப்போதோ போய்விட்டது. போன மாதம் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனபோது, உடம்பில் இரத்தம் குறைவு, மீன் சாப்பிட வேண்டும் என்றார். முள்ளியவளை வீட்டுக்கு வந்ததும் அம்மா வெளி அடுப்பில் எனக்கு மீன் பொரித்துத் தந்துவிட்டு, தனக்குப் பருப்பை விட்டுக்கொண்டு என் எதிரில் இருந்தார். நான் என் மீனில் முள்ளெடுக்கத் தொடங்கினேன். அம்மாவையும் மீன் சாப்பிடச் சொல்வதென்றால், அண்ணா வரமாட்டான் என்பதை அந்த வீட்டில் முதலில் சொன்னவள் நானாகிவிடுவேன்.