நாலு மணிக்கு நின்றுபோன நெட்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பத்து வருடம் வேலைக்குப் போகாமல் இருந்த எனக்கு, எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கான ஆன்லைன் தேர்வு வந்திருந்தது. மாலை நாலரைக்குத் தொடங்கும். ஐந்து மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் அவ்வளவுதான். கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும்.

மூன்றரைக்குப் பார்த்தபோது தளம் ஒழுங்காகத் திறந்தது. நாலு மணி தாண்டியதும் சுற்றிச் சுற்றி, 'இணைப்பு நேரம் கடந்துவிட்டது' என்று வந்து நின்றது. பிரவுசரை மூடித் திறந்தேன். பழைய பதிவுகளை அழித்தேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி. எனக்காக லீவு போட்டிருந்த கணவர், எங்களுக்கு நெட் இணைப்பு தந்திருக்கும் கேபிள்காரருக்குப் போன் செய்தார்.

பக்கத்துத் தெருவில் இருந்ததால் கேபிள்காரர் உடனே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். “உங்க வயர் கேடாயி, என் பரீட்சையே போகப்போகுது சேட்டா!” என்று கத்தினேன். பாவம், கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வயர்ல ஒரு குழப்பமும் இல்ல மோளே. போன்ல சைட் கிட்டுதான்னு பாத்தியா?”

அதைப் பார்க்கவே தோன்றவில்லை. அதே வைஃபையில், போனில் தளம் சட்டென்று திறந்தது. அப்படியானால் லேப்டாப்புக்கு மட்டும்தான் ஏதோ தடை என்று சொல்லி, ரௌட்டரின் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தினம் நாலு மணியில இருந்து ஆறு வரை இந்த லேப்டாப்புக்கு நெட் கட். இது ஆரு செஞ்சது?”

நான்தான்! வேலை முடிந்து வந்ததும் கணவர் ஆன்லைன் கேரமில் மூழ்கிவிடுகிறார் என்று, ஆறு மாதம் முன்பு அவருக்குத் தெரியாமல் செய்த வேலை. பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது. நானும் சுத்தமாக மறந்துபோனேன்.

“அடிப்பாவி, அந்த கேரம் சைட்டையே மூடிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!” என்று கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“முதல்ல பரீட்சை எழுது மோளே. சண்டை பின்ன போடலாம்” என்றார் கேபிள்காரர்.

அந்தத் தடையை நீக்கிவிட்டு, நாலு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தேன். எழுதி முடித்து எழுந்து வந்தால், இருவரும் சாயா குடித்தபடி என்னைப் பற்றித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அது சாரமில்ல, விடு மோளே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வேலை கிடைத்தது. இப்போது கோபத்தோடு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுவதுதான் என் தினசரி வேலை. யாராவது கத்தும்போதெல்லாம், தப்பு என்னுடையதாக இருந்தும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.