காத்தாடி மெக்கானிக்

ஹெலிகாப்டர் மெக்கானிக் வேலையில் ஒரு வசதி உண்டு: கீழே இருக்கும்போது கெட்டுப்போனால் நம்மைத் திட்டுவார்கள்; மேலே கெட்டுப்போனால் திட்டுவதற்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள். விமானப் படையில் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, சொந்த ஊரில் அதை விளக்கப்போய் மானம் கெட்ட அன்பர்கள் என்னைப்போல் வேறு யாராவது இருந்தால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

பெண் பார்க்கப் போனேன்

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம் லீவில் எங்கள் ஊர் நாகல் நகருக்கு வந்திருந்தேன். பெண்ணின் அப்பா பூட்டுக்கடை வைத்திருந்தார். பையனுக்கு என்ன வேலை என்று அவர் கேட்டதும் என் அப்பா முந்திக்கொண்டார். "மேல பெரிய காத்தாடி ஒன்னு சுத்துமாம். அம்புட்டுப் பெருசு! அதை இவன்தான் பாத்துக்கிறான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எஞ்சின், கியர், இறக்கை என்று மூச்சு விடாமல் விளக்கினேன். நாங்களும் பைலட்டோடு கூடவே பறப்போம் என்று அழுத்திச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கடைசியில் உள்ளே போய் ஒரு மேஜைக் காத்தாடியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"கொஞ்ச நாளா கடகடங்குது மாப்ள. செத்த நேரம் பாத்துட்டுப் போங்களேன்."

சண்டையில் நான் செய்த பிரார்த்தனை

காத்தாடி ஓடியது, கல்யாணமும் நடந்தது. அடுத்த வருஷம் சண்டை வந்தது. மலைக்காட்டில் மரத்தை வெட்டி நெற்களம் அளவுக்கு இடம் பண்ணியிருப்பார்கள். பக்கத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே எங்கள் பைலட் சர்தார்ஜி ஹெலிகாப்டரை அதில் கொண்டுபோய் இறக்குவார். அது வீரம். நான் நடுங்கிக்கொண்டே காயம்பட்டவர்களை உள்ளே இழுத்துப் போடுவேன்.

ஒரு நாள் கடைசியாக ஏற்றிய ஜவான், "ஏனுங்க, நான் பொழைச்சுக்குவனுங்களா?" என்றார். தொப்பம்பட்டிக்காரராம். தொடையில் ரத்தம் நிற்கவில்லை. தூங்கவிடாதே என்று ஏற்றிவிட்ட டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கோ கண் செருகிக்கொண்டே போனது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி வைய ஆரம்பித்தேன். "ஏலே! கண்ண மூடுன, மிதிச்சே கொன்னுப்புடுவேன்!" என்பதுதான் அதில் எழுதத் தக்கது. நாகல் நகரில் பொறுக்கிய வசவு அத்தனையும் அன்று செலவானது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வேறு.

இறங்கியதும் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறக்கிவிட்டவர்களில் யார் பிழைத்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. என் மைக் திறந்தே இருந்ததால் பேச்சு முழுவதும் சர்தார்ஜி காதில் விழுந்திருக்கிறது. தமிழ் தெரியாத அந்த நல்ல மனிதர் என் தோளைத் தட்டி இந்தியில் கேட்டார்:

"இவ்வளவு உருக்கமா வேண்டிக்கிட்டியே, அது எந்தச் சாமி?"

மெடல்

சண்டை முடிந்து ரொம்ப நாள் கழித்து, எங்கள் ஹெலிகாப்டர்க்காரர்களின் வீரம் மேலிடத்துக்கு ஞாபகம் வந்தது. சர்தார்ஜிக்குப் பெரிய மெடல், எனக்குச் சின்னது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மாமனார் கடைக்குப் போனேன். உள்ளுக்குள் சந்தோஷமில்லை. அந்தத் தொப்பம்பட்டிக்காரர் செத்துப்போயிருந்தால் இது எதற்கு என்று மெடலைத் தொடும்போதெல்லாம் தோன்றும். மாமனார் அதைக் கழற்றி, சாவி பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வார்ப்பு நல்லாத்தான் இருக்கு. எந்த ஓட்டப் பந்தயத்துல குடுத்தாக?"

செம்பட்டியில் ஒரு வசவு

ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் மாமனாரும் செம்பட்டியில் பஸ் ஏறப் போனோம். மாமனார் ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போகிற பஸ்ஸைப் பார்த்துப் பழைய பாணியில் வைதேன்.

டீக்கடையில் கக்கத்தில் கட்டையோடு நின்றிருந்த ஒருவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். நொண்டிக்கொண்டு வந்து என் முகத்தையே பார்த்தார். "ஏனுங்க, அந்தக் கடைசி வார்த்தைய இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில் நின்று நான் குழந்தை மாதிரி அழுதேன். மாமனார் ஒன்றும் புரியாமல் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வந்தவர் அவரிடம் சொன்னார்:

"இந்த ஆளத் திருப்பி வையாமச் சாகக் கூடாதுன்னுதானுங்க அன்னிக்கு உசுரப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்!"

மாமனார் முன்னிலையிலேயே அவர் ஆசை தீர வைதார். என் வீரத்துக்குக் கிடைத்த அந்தப் பாராட்டில் அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை ஒன்றுகூட இல்லை.