வெங்காய மேசையில் இரண்டாம் பாகம்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை உற்பத்தி லைனில் நிற்க வைக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பதினாறு வயதிலிருந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கோழிக்கோட்டில் ஹோட்டல், நாக்பூர் பக்கம் போர்வெல் லாரி, ஓசூரில் கட்டட வேலை. எந்த ஊரிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்ததில்லை.

கேன்டீனில் காலை ஏழு மணிக்கு முதல் வேலை வெங்காயம். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மூட்டை வேண்டும். பாத்திரம் தேய்க்கிறவன், சப்பாத்தி போடுகிறவள் என்ற பேதம் கிடையாது. எல்லோரும் நீளமான ஸ்டீல் மேசையைச் சுற்றி நின்று உரித்து நறுக்க வேண்டும். முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அங்கே ஓர் அக்காவின் ஆட்சிதான் நடக்கும்.

மணிமங்கலத்திலிருந்து வருகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சினிமாக் கதை சொல்வார். ஒரு படத்தை ஒரு வாரம் சொல்வார். சண்டைக் காட்சி வந்தால் கத்தி பலகையில் படபடவென்று ஓடும். அழுகிற காட்சி வந்தால், எப்படியும் வெங்காயத்துக்கு அழுதுகொண்டுதான் இருப்போம், அந்த அழுகை கதைக்கானதாகிவிடும்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அங்கே நிற்கிற அத்தனை பேரிடமும் போன் இருக்கிறது. அக்கா சொல்கிற படத்தை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். சிலர் இரண்டு தடவை பார்த்திருப்பார்கள். அப்படியும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். "அக்கா, நேத்து மழை சீன்ல விட்டீக" என்று சிவகங்கைக்காரரான சமையல் மாஸ்டரே அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து நிற்பார்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? என்னிடமும் கதைகள் உண்டு, அத்தனையும் நடந்தவை. சேர்ந்த புதிதில் ஒருநாள், நாக்பூர் பக்கம் போர்வெல் குழாய் வழுக்கி என் மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டு போனதையும், துண்டைச் சுற்றிக்கொண்டு அன்று சாயங்காலம் வரை வேலை பார்த்ததையும் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டினேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சரி, மிச்ச விரலை வச்சு உரிய்யா" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நிஜமாக விரல் போனவனை விட, பொய்யாகக் கை வெட்டுப்பட்ட கதாநாயகன்மேல் அவர்களுக்கு அக்கறை அதிகம். அன்றிலிருந்து அந்த அக்கா வாயைத் திறந்தாலே எனக்கு வயிறு எரியும்.

அப்போது எல்லோரும் ஒரு படத்தின் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தார்கள். முதல் பாகம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல் குவாரிக்காரன் ஒருவன், தன் தம்பியைத் தூக்கி வளர்க்கிறான். ஊரே அண்ணனைக் கொண்டாடுவதைப் பார்த்துத் தம்பி புழுங்குகிறான். கடைசியில் எதிரிகள் துரத்த, அண்ணன் அடிபட்டுத் தன் வீட்டு இரும்பு கேட்டுக்கு ஓடி வருகிறான். கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே தம்பி நிற்கிறான், கையில் சாவி. அதோடு முதல் பாகம் முடிந்துவிடும்.

"அவன் தெறக்க மாட்டான்க்கா" என்பார் மாஸ்டர். "தெறக்கிறவன் அப்பவே தெறந்திருப்பான்."

"கை நடுங்குச்சே, பாக்கலியா நீ? பூட்டிகினு போறவனுக்கு கை ஏன் நடுங்குது? தெறப்பான்." அக்கா இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். எத்தனை தடவை பேச்சு வந்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்தார். திங்கட்கிழமை மேசையில் சொல்கிறேன், அதுவரை ஒருத்தரும் போனில் எதையும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். பார்க்க மாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினேன். முதல் காட்சி. மேளம் அடித்தார்கள், காகிதம் பறந்தது, பின்னால் யாரோ ஒருவன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை. முடிவை எடுத்துக்கொண்டு போக வந்தவன் நான். படம் முழுக்க அந்த இரண்டு பேரின் பழைய கதைதான். கேட்டுக்குத் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. தம்பி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். திரை இருண்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எழுந்து, முட்டிகளை இடித்துக்கொண்டு வெளியே வந்து டீ குடித்தேன். அத்தனை ருசியான டீயை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

சனிக்கிழமை மேசையில் பேச்சு எப்படியோ அந்தப் படத்துக்கு வந்தது. நாளைக்குக் கேட் திறந்துவிடும் என்று அக்கா ஆரம்பித்தார்.

"திறக்கலக்கா" என்றேன். "நேத்தே பாத்துட்டேன். சாவியப் பாக்கெட்ல போட்டுட்டு உள்ள போய் உக்காந்துடுறான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பி, அப்புறம், அப்புறம் என்று கேட்கப்போகிறார்கள் என்று நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

"யோவ், உன்னைய யாருய்யா கேட்டா?" என்றார் மாஸ்டர்.

அக்காவின் கத்தி நின்றது. "நெஜமாவா?" என்றார்.

"நெஜமாத்தான்க்கா."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அன்று கதை இல்லை. மூன்று மூட்டை வெங்காயமும் கத்திச் சத்தத்திலேயே முடிந்தது.

பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு, சப்பாத்தி போடும் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளும் மணிமங்கலத்துப் பக்கம்தான், அக்காவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள்.

"உனுக்கு அறிவு கீதாண்ணா?" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். அக்காவுக்கு ஒரே தம்பி. தண்டலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். அன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து, பந்தி எல்லாம் முடிந்த பிறகு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் சீர்த் தட்டோடு வந்து வாசலில் நின்றிருக்கிறான். சொந்தக்காரர்கள் பேசிய பேச்சில் கூனிக் குறுகிப் போயிருந்த அக்கா, அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டார். அதோடு ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை.

"மொத பாகத்த ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி பாத்தாங்க. அடுத்ததுக்கும் ஒண்ணா வரணும்னு அப்பவே பேசி வெச்சிகினாங்களாம். அதச் சாக்கா வெச்சி அக்கா போன வாரம் போன் பண்ணிச்சி. பாக்கலாம்னு அந்தத் தம்பி சொல்லிக்கீது. இப்ப நீ வந்து, பூட்னவன் தெறக்கவே மாட்டான்ற."

கையில் இருந்த தேய்ப்பு நாரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் எல்லோரும் அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்கிறவனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ஒன்றரை வருடமாக உள்ளே, சாவியோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. ஒரு ஊரில் தப்பு செய்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவதுதான் என் வழி. என்னென்னவோ உளறினேன். அவர் திட்டவில்லை.

"விடுப்பா. நீ சொன்னதும் நல்லதுக்குத்தான். அந்த சீன அவன் பக்கத்துல உக்காந்துகினு நான் எப்படிப் பாக்குறது? போவல நான். டிக்கெட்ட யாருக்குனா குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் கிடந்தேன். குழாய் விரலை எடுத்த அன்றைக்குக்கூட எனக்குச் சோறு இறங்கியது. அன்று இறங்கவில்லை. வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். கத்தியைக் கழுவினார், பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வெங்காயம் நறுக்கிய பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"நான் போவுற மாதிரியே இல்ல. வூட்ல துணி தொவச்சிகினு கீறேன். வாசல்ல வண்டிச் சத்தம். ஹெல்மட்டக்கூடக் கழட்டல அவன். 'இன்னாக்கா, இன்னும் கெளம்பலியா? டைட்டில் போட்டுடுவான்' அப்படின்றான். ஒன்றர வருசம் கழிச்சி வந்து பேசற பேச்சப் பாரு."

மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார்.

"ஈரக் கையோட வண்டில ஏறிட்டேன். போற வழியிலயே சொல்லிட்டேன், கடைசில அவன் தெறக்க மாட்டானாம்டான்னு. அதுக்கு இவன் சொல்றான், 'அப்போ இன்டர்வல்லோட வந்துடலாம்க்கா, பாப்கார்ன் மட்டும் துன்னுட்டு'ன்னு."

மேசையே சிரித்தது. நான் தலையைக் குனிந்து உரித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையோடு அவர்கள் எழுந்து வந்துவிடவில்லை. கடைசி வரை இருந்தார்கள். அந்தக் காட்சி வந்தபோது தம்பி தன்னைப் பார்க்கவில்லை, தானும் அவனைப் பார்க்கவில்லை என்றார் அக்கா. தெரிந்த முடிவுதான், இருந்தும் அழுகையை நிறுத்த முடியவில்லையாம். திரை இருண்டதும் கூட்டம் எழுந்துவிட்டது. தம்பி எழவில்லை. அவன் எழுந்திருக்கட்டும் என்று அக்கா இருந்திருக்கிறார். அக்கா எழுந்திருக்கட்டும் என்று அவன் இருந்திருக்கிறான். தியேட்டர் காலியாகி, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்துவிட்டான். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன.

"அப்போ மறுபடி படம் வருது" என்றார் அக்கா. "இருட்டு. ஒண்ணுமே தெரியல. சாவி சத்தம் மட்டும் கேக்குது. அந்த கேட்டு தெறக்குது."

"அப்படி ஒரு சீனே இல்லக்கா" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்போ எந்திரிச்ச?"

"பேரு போடும்போது."

"அதான்" என்றார்.

அப்புறம் என்னைக் கேலி செய்யாதவர்கள் யாரும் இல்லை. "படத்தையே பூராம் பாக்காம வந்து கதை சொல்லியிருக்கான்யா" என்று மாஸ்டர் ஒரு வாரத்துக்கு என்னைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். வலித்தது, ஆனால் அந்த வார்த்தை சரி.

"வெளியில அண்ணன் நிக்கிறானாக்கா?" என்று சப்பாத்திப் பெண் கேட்டாள்.

"அதக் காட்டல. அதுக்குத்தான் மூணாம் பாகமாம்" என்றார் அக்கா. "வண்டி எடுக்கும்போது தம்பி கேக்குறான், 'அதுக்கும் நான்தான் வந்து இட்டுனு போவணுமா?'ன்னு. நீ வராம பின்ன யாருடா வருவான்னேன்."

அந்த வாரமே நான் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பெயர்கள் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா சொன்னபடியேதான் இருந்தது. இருட்டு, சாவிச் சத்தம், கேட். ஆனால் எனக்கு எதுவும் ஆகவில்லை. முதல் பாகத்தை ஓசூரில் ஒரு மழை நாளில், வேலை இல்லாத பொழுதில் தனியாகப் பார்த்திருந்தேன். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்றுகூட நினைவில்லை.

ஒரு படத்தின் அடுத்த பாகத்துக்கு ஏன் இப்படிக் கூட்டம் அலைமோதுகிறது என்று முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். கதை என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள் என்று நினைத்துத்தான் அந்த முடிவை முந்திப் போய்ப் பறித்துக்கொண்டு வந்தேன். முதல் பாகத்தை யாரோடு பார்த்தார்களோ அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தங்கிய எல்லா ஊரிலும் எனக்கு முதல் பாகம் மட்டும்தான். பாதியில் எழுந்து வந்த ரூம்கள், பாதியில் விட்ட சிநேகிதங்கள், அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நான்கு மாதம் கழித்து அந்தக் கேன்டீனையும் விட்டுவிட்டேன். மூன்றாம் பாகம் எடுக்கிறார்கள் என்று போஸ்டர் பார்த்தேன். அந்த அக்காவும் தம்பியும் ஒரே வண்டியில் போவார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் என் வாழ்க்கையில் பட்ட பொறாமைகளிலேயே இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.