ரெஜினா எழும்பாத ஞாயிறு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள எங்கள் தேவாலயத்தில் இளையோர் வகுப்பை நான்தான் நடத்துகிறேன். வகுப்பில் கற்பைப் பற்றி நான் பேசிய மறுவாரம், பதினாறு வயது ரெஜினா நற்கருணை வாங்க எழும்பவில்லை. பூசை முடிந்ததும் காரணம் கேட்டேன்.

"ஒரு பெடியனை எனக்குப் பிடிச்சிருக்கு, அக்கா. ஒண்டும் செய்யேல்லை. ஆனா ஆசை வருது. நான் அழுக்குத்தானே? பாவத்தோட எப்பிடி நற்கருணை வாங்கிறது?"

என் பேச்சிலிருந்துதான் அவள் அப்படி விளங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆசை வாறது பாவமில்லை, பிள்ளை."

"அப்ப எந்த இடத்தில பாவமாகுது?"

"சரியாச் சொல்ல ஏலாது. உன்ர வயசில நானும் இதைக் கேக்கப் பயந்தனான். ஆண்டவரிட்டை ஒளிக்காமல் சொல்லுவம்" என்றேன். இருவரும் முழங்காலில் நின்று செபித்தோம்.

அடுத்த ஞாயிறு அவள் நற்கருணை வாங்கினாள். கற்பைப் பற்றி நான் பேசிய அன்று, ஒன்றும் கேட்காத மற்றப் பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ, எனக்குத் தெரியவில்லை.