இருபத்தொன்பதாம் நிலையத்தின் 37.0

இதைச் சொன்னால் என் மனைவியே, "வேலை அதிகம், அதான்" என்கிறாள். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறையில்.

நாற்பத்து மூன்று வானிலை நிலையங்களின் வெப்ப அளவு கால் மணிக்கு ஒருமுறை என் கணினிக்கு வரும். உயரம், மேகம், பக்கத்து நிலையங்கள் எல்லாவற்றையும் வைத்து, எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று என் மாடல் கணிக்கும். ரொம்ப விலகிய எண்ணை அழித்துவிடுவேன். அக்கம்பக்கத்துச் சராசரி அங்கே வந்து உட்காரும். என் மாடலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இருபத்தொன்பதாவது நிலையம் மலை உச்சியில். பார்த்துக்கொள்ள ஒரே ஆள், தனிக்கட்டை. மேகத்தார் என்போம். அந்த வாரம் முழுக்க அங்கிருந்து எண்ணே வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கச் சோம்பல். சராசரியை வைத்தே ஓட்டினேன். அவர் அனுப்பிய பார்சலும் மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் 2:10. திடீரென்று எண் வந்தது. 24 இருக்க வேண்டிய இடத்தில் 37.0.

"என்னண்ணே, மலைக்கே காய்ச்சலா?" என்றாள் பக்கத்து இருக்கைத் தங்கச்சி. சிரித்துக்கொண்டே அழித்தேன்.

2:25. மறுபடி 37.0. அழித்தேன்.

2:40. அதே 37.0. எரிச்சலாக வந்தது. அழித்தேன்.

பிறகு அது இறங்கத் தொடங்கியது. 3:40க்கு 36.4. 4:40க்கு 35.6. ஒரே சீராக...

இப்போது தங்கச்சி சிரிக்கவில்லை. "அண்ணே... முப்பத்தேழு நம்ம உடம்புச் சூடுதானே?"

மேகத்தாருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது...

மலையடிவாரக் கடைக்காரரைப் பிடித்தேன்.

"நாலு மணிக்கு மரம் விழுந்து பாதை அடைஞ்சிடுச்சு சார். விடிஞ்சாத்தான் ஏற முடியும். அதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா பைக்ல இருபது நிமிஷம்."

5:40. 34.8.

"ஏதாவது பண்ணுங்கண்ணே..."

என்ன பண்ண? பார்த்துக்கொண்டே இருந்தேன்.

6:40. 34.0.

மறுநாள் காலை கடைக்காரர் பேசினார். வெப்பமானிப் பெட்டிக்குக் கீழே மேகத்தார் விழுந்து கிடந்தாராம். நெஞ்சுவலி. போன் குடிசைக்குள்ளே இருந்திருக்கிறது.

"பெட்டி காலியா இருக்கே சார்?" என்றார்.

பார்சலைப் பிரித்தேன். உள்ளே அந்த வெப்பமானி. கூடவே ஒரு சீட்டு: "பழுது தம்பி. திங்கக்கிழமையே கழட்டிட்டேன். புதுசு அனுப்புங்க."

அவர் சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டை ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழக்கப்படி நேரம் போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் மூன்றே வரி.

2:10. நெஞ்சு அடைக்குது. எந்திரிக்க முடியல.

2:25. தம்பி பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு.

2:40. தம்பி, அழிக்காதீங்க.