மாதத்துக்கு ஒரு அளவு

"...ஒரே எடம் மாசத்துக்கு ஒரு சைஸ்ல இருக்குமா சார்? பென்சில் கோடு தப்பா இருக்குதேனு பன்னெண்டு படத்தையும் நானே ஒரே அளவாக்கிட்டேன்" என்கிறார் போர்டு எழுதும் பாய், பெருமையாக.

செங்கம் ரோட்டில் அவர் கடை வாசலில் டீயும் கையுமாக நிற்கிறேன். பென்சில் கோடு போட்டு, பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்த படங்களை வாங்க வந்த நார்வேக்காரப் பெண், பன்னிரண்டையும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறாள். நாளைக்கு மெட்ராஸ் காலேஜ் ஒன்றில் இவற்றைக் காட்டித்தான் அவள் பேச வேண்டும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளிடம் கேட்கிறேன். சாட்டிலைட் படங்களைப் பார்த்து அவள் போட்ட கோடுகளாம். வடதுருவத்தில் கடலே ஐஸாக உறைந்து கிடக்குமாம். பங்குனியில் பரந்து கிடப்பது, புரட்டாசிக்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடுமாம். வருஷா வருஷம் இப்படித்தானாம்! எனக்கே தலை சுற்றுகிறது. பாயிடம் சொல்கிறேன்.

"இன்னா சார் சொல்றீங்க? அத்தினி ஐஸும் ஆறே மாசத்துலயா?"

புரட்டாசிப் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் அவள் போட்ட பென்சில் வட்டம் தெரிகிறது, உள்ளங்கை அகலத்துக்கு.

"யா அல்லா, இவ்ளோ கம்மியா!"

பாதி எழுதிய கல்யாண போர்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கடலுக்கு அடித்த நீல டப்பாவைத் திறந்து, கோட்டுக்கு வெளியே தான் அடித்த வெள்ளையைத் தானே மூடத் தொடங்குகிறார்.